புளி போட்டுத் தேய்த்த கிண்ணம்

சாந்தமேரிக்கு அந்த வெண்கலக் கிண்ணத்தை முழுக்கத் தேய்க்கும் எண்ணமே இருக்கவில்லை. விளிம்பில் ஓரிடத்தில், சுண்டுவிரல் நகமளவுக்குப் பச்சையை நீக்கி, அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதாகத்தான் இருந்தாள். ஊறவைத்த புளியில் கொஞ்சம் கிள்ளி எடுத்துக் கட்டைவிரலால் மெல்லத்தான் தேய்த்தாள். பச்சை கரைந்து பழுப்பானது. பழுப்பின் நடுவில் பொன்னிறமாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது.

அந்தப் புள்ளியோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓரிடம் பளிச்சென்று ஆனதும் மற்ற இடமெல்லாம் அழுக்காகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. புள்ளி நாலு விரற்கடையானது. நாலு விரற்கடை அரைக் கிண்ணமானது. பாதியில் நிறுத்தினால் அதைவிட அசிங்கம் என்று தோன்ற, செங்கல் பொடியையும் சேர்த்துக்கொண்டாள். ஒரு பக்கத்தில் பச்சை தடித்து ஏடு ஏடாக இருந்தது. அதை நகத்தால் நெம்பினாள். புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் பின்பக்கக் குழாயடியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, நேற்றுதான் வார்த்து எடுத்ததைப் போல ஒரு கிண்ணம் கையில் இருந்தது.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிற்பாடு அவளால் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

கிண்ணம் அவளுடையதல்ல. கிள்ளானில் மூன்று வருஷத்துக்கு முன்னால், 1932இல், ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த பழமை ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானது. ஏழு பேரும் ஆண்கள். கணக்கர்கள், ஆசிரியர்கள், ஒரு துணிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையிலும் தோட்டங்களிலும் சுற்றி, யாராவது கால்வாய் வெட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ ஏதும் கிடைத்ததா என்று விசாரிப்பார்கள். கிடைத்ததைக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பார்கள். புதிதாகச் சேர விரும்புகிறவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கழகத்தின் பொருள் ஒன்றை ஒரு மாதம் வீட்டுக்கு எடுத்துப்போய், பார்த்து, வரைந்து, தான் கண்டதை எழுதிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். "புத்தகத்தில படிச்சதை எழுத வேண்டாம், பிள்ளை. உங்கட கண் என்ன கண்டதோ அதை எழுதுங்கோ" என்று தலைவர் கார்த்திகேசு அவளிடம் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

உங்கள் கண் என்ன கண்டது. சாந்தமேரி கன்னிமாடப் பள்ளியில் பதினொரு வருஷமாகத் தையல் டீச்சர். அவளிடம் மற்றவர்கள் கேட்பதெல்லாம் எத்தனை கெஜம் வேண்டும், எந்தக் கிழமை கிடைக்கும் என்பதுதான். கழகத்தின் ஒரு பொதுக் கூட்டத்தில் கணவனோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள், அலமாரிப் பாசிமணிகளின் துளைகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது ஏன் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். கார்த்திகேசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் பல வாரங்கள் மனசுக்குள் வைத்திருந்தாள். அப்புறம்தான் விண்ணப்பம் போட்டாள்.

கிண்ணத்தைக் கொடுத்தவர் செயலாளர் வேலாயுதம். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஆற்றோரத் தென்னந்தோப்பில் கால்வாய் வெட்டிய அய்யாவு என்பவர் இடுப்பளவு ஆழத்தில் கண்டெடுத்தது அது. வேலாயுதம் அதை ஒரு கோணிப்பையில் சுற்றி, எட்டு மாதம் தன் வீட்டு அடுப்படிப் பரணில் வைத்திருந்தார். கோணியோடுதான் அவளிடம் கொடுத்தார்.

மூன்று வாரம் அவள் அதைத் தொட்டது மேசைமேல் வைக்கவும் எடுக்கவும் மட்டும்தான். தையல் வகுப்புக்கான கட்டம் போட்ட நோட்டில் நாலு பக்கத்திலிருந்தும் வரைந்தாள். பச்சை தடித்திருந்த பக்கத்தில் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இருந்தன. படத்தில் அந்த இடத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு, 'கோணித் தடம்' என்று எழுதினாள். எட்டு மாதம் ஈரப் பரணில் கோணிக்குள் கிடந்ததல்லவா, பதிந்திருக்கும். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

திங்கட்கிழமை அடுத்த வீட்டு இராஜம்மா சீனி கேட்டு வந்தவள் மேசையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னடி மேரி இது? பாசி புடிச்ச நாய்க் கிண்ணம் மாதிரி இருக்கு?"

"ரொம்பப் பழசு அக்கா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல காட்டணும்."

"இதையா? இப்படியேவா? அத்தனை ஆம்பளைங்க முன்னாடி?" இராஜம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு பொம்பளை கையில ஒரு மாசம் இருந்த சாமானான்னு சிரிக்க மாட்டாங்க? ஒரு உருண்டை புளி போதும், போடி."

அந்தச் சிரிப்பு சாந்தமேரியின் காதில் விழ ஆரம்பித்தது அப்போதிருந்துதான். பள்ளியில் பிள்ளைகளின் தையலைப் பிரித்துக் கொடுக்கும்போதும் கேட்டது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் குழாயடிக்குப் போனாள்.

இப்போது தரையைக் கழுவிவிடலாம் என்று தண்ணீர்ப் பேசினை எடுத்தவள், சிமெண்டுத் தரையில் கிடந்த பச்சை ஏடு ஒன்றை மிதித்தாள். நெம்பியபோது தெறித்தது. எடுத்து எறியப் போனவள் விரலுக்கிடையில் அதைப் புரட்டினாள். உட்புறத்தில் கோடுகள் இன்னும் தெளிவாக இருந்தன.

துணியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நூல் மேலே போய் அடுத்ததன் கீழே நுழைந்து மறுபடி மேலே வருவதைக் கண் பழக்கத்திலேயே கண்டுவிட்டாள். கோணி இவ்வளவு நெருக்கமாக இருக்காது. ஈரக் கையோடு உள்ளே ஓடி, தையல் பெட்டியிலிருந்து நூல் எண்ணும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தாள். கோணியின் மூலையை விரித்து எண்ணினாள். கால் அங்குலத்தில் மூன்று இழை. பச்சை ஏட்டை வைத்து எண்ணினாள். கால் அங்குலத்தில் பதினான்கு.

மறுபடி எண்ணினாள். பதினான்கு.

நூல் எப்போதோ மட்கிப் போயிருந்தது. நூல் ஓடிய வடிவம் மட்டும் பச்சையாக இறுகி நின்றிருந்தது. யாரோ, எந்தக் காலத்திலோ, இந்தக் கிண்ணத்தை நல்ல துணி ஒன்றில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் துணி இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்து, எட்டு மாதம் பரணில் இருந்து, மூன்று வாரம் அவள் மேசைமேல் அவள் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது.

பேசினில் இருந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டினாள். தரையெல்லாம் தடவினாள். தடம் தெரிகிற மாதிரி மூன்று ஏடுகள் மிஞ்சின. பெரியது கட்டைவிரல் நகமளவு. மற்றதெல்லாம் சாக்கடையில் போய்விட்டது. சாக்கடை ஓரமாகவும் கொஞ்ச தூரம் குனிந்துகொண்டே நடந்து பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்ததும் நிமிர்ந்து, எதையோ காயப்போட வந்தவள் போலக் கொடியில் கை வைத்தாள்.

செந்தூல் ரயில்வே பட்டறையிலிருந்து அவள் கணவன் பேசில் வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. அவன் பண்டகசாலைக் கணக்கர். கிண்ணத்தைப் பார்த்ததும், "அட, நல்லா இருக்கே!" என்றான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்ல, ஏடுகளைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"சரி. இது துணின்னு உனக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமா."

"அப்புறம் என்ன?"

அவள் ஏடுகளை ஒவ்வொன்றாகப் பஞ்சின்மேல் எடுத்து வைத்தாள்.

"இல்ல மேரி, அவங்க கேட்டா என்ன சொல்றதுன்னுதானே பயப்படற? இராஜம்மாக்கா தேய்ச்சிட்டாங்கன்னு சொல்லிரு. ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப நல்லது பண்றதா நெனச்சு தேய்ச்சிட்டாங்கன்னு. அவங்க என்ன கிள்ளானுக்கு வந்து சாட்சி சொல்லவா போறாங்க?"

"அவங்க தேய்க்கலியே."

"தேய்க்கச் சொன்னாங்கல்ல? பாதிப் பொய்தான்." அவன் சிரிக்கப் பார்த்தான். "நீ எவ்வளவு ஆசப்பட்டேன்னு எனக்குத் தெரியும். ஒரு கிண்ணத்துக்காக விட்டுடாத."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அந்த யோசனை அவளை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை பள்ளியில் பிள்ளைகளைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியத்தை மனசுக்குள் தைத்துப் பார்த்தாள். 'நான் இல்லாத சமயத்தில் அடுத்த வீட்டு அம்மாள், பாவம், நல்ல எண்ணத்தோடு...' பாவம் என்ற சொல் எவ்வளவு கச்சிதமாக வந்து உட்காருகிறது என்று பார்த்துத் திடுக்கிட்டாள். தன்னால் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியுமென்று அவளுக்கு அதுவரை தெரியாது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சர், ஊசி குத்திருச்சா?" என்று கேட்டாள்.

அன்று மாலை இராஜம்மா வந்து கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் முகம் அதில் தெரிகிறதா என்றுகூடப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல? இப்பப் பாரு! போய்ச் சொல்லு அவங்ககிட்ட, இராஜம்மான்னு ஒருத்தி சொல்லித்தான் செஞ்சேன்னு."

"சொல்றேன் அக்கா" என்றாள் சாந்தமேரி. இராஜம்மா போனபின் முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் குழாயடியிலேயே நின்றாள்.

கட்டுரை ஐந்து பக்கம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். அளவு, எடை, விளிம்பின் வளைவு, அடியில் இருந்த மூன்று வளையக் கோடுகள். சனிக்கிழமை உட்கார்ந்து ஆறாவது பக்கத்தை எழுதினாள். கிழித்தாள். மறுபடி எழுதினாள். ஐந்து பக்கத்தை ஊசியால் சேர்த்துக் குத்தி, ஆறாவதைத் தனியாக மடித்து வைத்தாள். வாசிக்கலாம், வாசிக்காமலும் இருக்கலாம். அப்படி ஒரு வழியை விட்டுவைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் சேர்த்துக் குத்தவில்லை.

ஞாயிறன்று மாதா கோயிலிலிருந்து நேரே ரயிலடிக்குப் போனார்கள். கிண்ணம் பிரம்புக் கூடையில், ஏடுகள் பஞ்சு வைத்த பொத்தான் டப்பாவில். பெட்டாலிங் தாண்டும்வரை அவள் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. எதிரில் பண்டமாரானுக்குப் போகிற ஓர் அம்மாள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முட்டையா? இவ்வளவு பத்திரமா மடியில வச்சிருக்க?"

"இல்லங்க. பாத்திரம்."

"பாத்திரத்துக்கா இப்படி?" அந்த அம்மாள் சிரித்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் சாந்தமேரிக்கு டப்பாவுக்குள் ஏதோ நொறுங்குவது போலிருந்தது. பத்து தீகா நிலையத்தில் ஒருமுறை திறந்து பார்த்தாள். பாடாங் ஜாவாவில் மறுபடி திறக்கப் போனபோது பேசில் அவள் கையின்மேல் தன் கையை வைத்தான்.

"நீ தொறந்து தொறந்து பாத்தே ஒடைச்சிருவ."

பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ எது சொன்னாலும் நான் கீழதான் நிப்பேன்" என்றான்.

கூட்டம் பாலனின் துணிக்கடை மாடியில். பாலன்தான் கழகத்தின் துணிக்கடைக்காரர். இடம் அவருடையது என்பதால் அவர் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. அவளுடைய விண்ணப்பம் வந்த அன்று, "பொம்பளைக்கு எதுக்குங்க மண்ணு தோண்டுற வேலை?" என்று கேட்டவர் அவர்தான். வேலாயுதம் அதை மறைக்காமல் அவளிடம் சொல்லியிருந்தார். மாடியேறும்போது புதுத்துணியின் கஞ்சி வாசனை வந்தது. அவளுக்குப் பழக்கமான வாசனை. இருந்தும் படிக்குப் படி நின்று நின்றுதான் ஏறினாள்.

ஏழு பேரும் வந்திருந்தார்கள். அவள் கூடையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஏழு தலைகளும் அதன்மேல் குனிந்தன. இதோ, திட்டு வரப்போகிறது என்று நினைத்தாள்.

"அடடே!" என்றார் வேலாயுதம்.

"இதா? அய்யாவு கொடுத்ததா? தங்கம் மாதிரில்ல இருக்கு!" என்றார் இன்னொருவர்.

கார்த்திகேசு கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "இப்பதான் பார்க்கக்கூடிய மாதிரி இருக்கு. நல்ல வேலை செய்திருக்கிறியள், பிள்ளை."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் பாலன், எல்லாரையும் பார்த்து. "இப்ப சொல்றேன், இந்தக் கழகத்துல ஒரு பொம்பளை இருக்கத்தான் வேணும். நம்ம சாமானுக்கெல்லாம் ஒரு விமோசனம் வந்திருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆறு நாளாக அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு அல்ல இது. அவளைத் தங்களுக்குள் சேர்த்துக்கொள்கிற சிரிப்பு. அவளும் சிரித்தாள். உதடு தானாக விரிந்தது. இதுவரை அவள் பயந்ததெல்லாம் திட்டு வாங்குவதற்கு. இப்போது பயம் வேறு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கையில் வந்துவிட்டதைத் தானே எப்படிக் கீழே போடுவது?

"வாசியுங்கோ" என்றார் கார்த்திகேசு.

ஐந்து பக்கத்தையும் வாசித்தாள். வளையக் கோடுகளைப் பற்றிச் சொன்னபோது ஒருவர் எழுந்துவந்து கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்துத் தலையாட்டினார். முடிந்ததும் கைதட்டினார்கள். வேலாயுதம் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து பேனாவை உதறினார்.

"அப்ப வாக்கெடுத்திடலாமா?"

"இன்னும் ஒரு பக்கம் இருக்குங்க" என்றாள் சாந்தமேரி. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

மடித்த தாளைப் பிரித்தாள். அதை வாசிக்க அவளால் முடியவில்லை, எழுத்தெல்லாம் ஓடியது. தாளை மேசையில் வைத்துவிட்டு வாயால் சொன்னாள். கோணித் தடம் என்று எழுதியதை. புளியை. நகத்தால் நெம்பியதை. மூன்று இழையையும் பதினான்கு இழையையும். "தேய்க்காம இருந்திருந்தா ஒரு சாண் துணி அப்படியே இருந்திருக்கும்ங்க. இப்ப இவ்வளவுதான் இருக்கு." டப்பாவைத் திறந்து வைத்தாள். "வேற யாரும் தேய்க்கல. நான்தான்."

கீழே கடையில் யாரோ துணி கிழிக்கிற சத்தம் நீளமாகக் கேட்டது.

"என்ன டீச்சர் இது?" பாலனின் குரல் மாறியிருந்தது. "பச்சை, பாசி, அழுக்கு. அதுல துணின்னு சொன்னா? நாங்க துணி பாக்காதவங்களா?"

"நீங்களே பாருங்க." பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அறை முழுவதும் அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பதினாலு இல்ல" என்றார் கடைசியில்.

சாந்தமேரி டப்பாவின் மூடியைக் கையில் எடுத்தாள்.

"பதினஞ்சு. ஓரத்துல ஒண்ணு ஒடிஞ்சிருக்கு, அதை நீங்க விட்டுட்டீங்க."

"ஒடிஞ்சதை எண்ணக் கூடாதுங்க. அது பக்கத்து இழை பிரிஞ்சதா இருக்கலாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

"முப்பது வருசமா துணி விக்கிறேன், எனக்கா சொல்றீங்க? இது நெசவு லா, நல்ல நெசவு" என்றார் பாலன். அவர் குரலில் இருந்த கோபம் அவள்மேல் மட்டுமல்ல என்று அவளுக்குத் தோன்றியது.

கார்த்திகேசு நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன். உங்கட கட்டுரை திறம். அதோட துணியைப் பற்றியும் எழுதுங்கோ. ஆனால் இந்தத் தேய்ச்ச கதையை விட்டுடுங்கோ. கிண்ணத்தில இருந்து தானாக் கழண்டது எண்டு இருக்கட்டும். எங்கட விதி ஐஞ்சு என்ன சொல்லுது? ஒப்படைச்ச பொருளுக்குச் சேதம் செய்தவர் கழகத்தில இருக்கேலாது. நீங்கள் சொன்னதைப் புத்தகத்தில எழுதினால் நான் உங்களைச் சேர்க்கேலாது. எழுதாவிட்டால், இப்பவே கையைத் தூக்கலாம்."

நல்ல மனிதர். அவளுக்காகத்தான் சொல்கிறார். பேசிலும் அவளுக்காகத்தான் சொன்னான். தானாகக் கழன்றது. இரண்டே இரண்டு சொல். இராஜம்மாவைக்கூட இழுக்க வேண்டியதில்லை. அவள் அந்தச் சொற்களை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்தபோது தெரிந்தது, அவற்றைச் சொல்லிவிட்டு இந்த மேசையில் உட்கார்ந்தால், இனி ஒவ்வொரு மாதமும் இந்த மாடியேறும்போது இன்றைக்குப் போலவே படிக்குப் படி நின்று நின்றுதான் ஏற வேண்டியிருக்கும் என்று.

"தானா கழண்டிருந்தா பரண்லயே கழண்டிருக்கும்னு நாளைக்கு யாராவது கேப்பாங்க ஐயா. அப்ப துணியையும் நம்ப மாட்டாங்க." மேசையில் கிடந்த ஆறாவது பக்கத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் கண்டதைத்தானே எழுதச் சொன்னீங்க? தேய்ச்சப்பதான் கண்டேன். அதை எடுத்துட்டு எழுத எனக்குத் தெரியல."

கூடையை எடுக்கப் போனாள்.

"இருங்க டீச்சர்" என்றார் வேலாயுதம். அவர் இதுவரை அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு குத்துவிளக்கு, ஒரு குறுங்கத்தி, இரண்டு கைமணிகள், வெள்ளீயத்தில் வார்த்த ஒரு சாண் நீள முதலை. பாசிமணிகளைத் தவிர எல்லாமே மின்னின. "ஐயா, விதி அஞ்சைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். வருசா வருசம் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் இங்க நாம என்ன பண்றோம்?"

சிலர் அலமாரிப் பக்கம் திரும்பினார்கள்.

"எல்லாத்தையும் வெளிய எடுத்து, ஆளாளுக்குப் பிரிச்சு, புளி, எலுமிச்சம்பழம், சாம்பல்னு போட்டுத் தேய்ச்சு, சந்தனம் குங்குமம் வச்சு அடுக்கறோம். இந்தக் கிண்ணம் ஒண்ணுதான் போன பூஜைக்கு அப்புறம் வந்தது. அதனாலதான் அதுல பச்சை இருந்துச்சு. அந்த விதிப்படி பாத்தா டீச்சரைச் சேக்கக் கூடாதுன்னு சொல்ல இங்க ஆளே இருக்க முடியாது."

"அது பக்தியில செஞ்சது" என்றார் ஒருவர்.

"புளிக்கு அது தெரியுமா?" என்றார் பாலன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. நாலு கைகள் உயர்ந்தன. இரண்டு உயரவில்லை. பாலனின் கை உயர்ந்ததா, தலையைச் சொறிந்ததா என்று வேலாயுதம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. "தூக்கினதுதான்" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். கார்த்திகேசு தலைவர் என்பதால் கை தூக்கவில்லை. சாந்தமேரி உறுப்பினரானாள். நாலு மாதமாக எதிர்பார்த்திருந்த அந்த நிமிஷம் வந்தபோது அவள் டப்பாவுக்குள் இருந்த மூன்று ஏடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழகத்தில் சேர்ந்துவிட்டதால் அவை நாலாகிவிடவில்லை.

"அப்ப இதையும் செய்வம்" என்றார் கார்த்திகேசு. பொருள் பதிவேட்டை இழுத்து அவள் முன்னால் வைத்தார். "ஒவ்வொரு பொருளுக்கும் நேரா எழுதுங்கோ. ஆர் தேய்ச்சது, எதைப் போட்டுத் தேய்ச்சது, என்ன போச்சு. உங்கடையை முதலில எழுதுங்கோ."

அவள் எழுதினாள். தன் பெயரை எழுதும்போது மை தெறித்தது.

"குத்துவிளக்கு" என்றார் வேலாயுதம். "நான்தான். புளியும் சாம்பலும். மூணு வருசம், மூணு தடவை. அடிப்பக்கம் கறுப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சு. எண்ணெய்ப் பிசுக்குன்னு சுரண்டினேன்."

கைமணிகளைப் பற்றி இன்னொருவர் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். பாலன் மேசை நுனியில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் பேரைப் போட்டுத்தான் ஆகணுமா டீச்சர்?"

"என் பேரு மேல இருக்குங்க அண்ணே."

"கத்தி. புளி இல்ல. உப்புத்தாள்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுல கோடு கோடா இருந்துச்சு. துரு ஓடின கோடுன்னு நெனச்சேன். நெசமாத்தான் அப்படி நெனச்சேன்."

அவள் அதையும் எழுதினாள். 'கோடுகள்' என்று மட்டும் எழுதி, என்ன கோடுகள் என்ற இடத்தைக் காலியாக விட்டாள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மிச்சமிருந்தது முதலை ஒன்றுதான். அதைக் கொண்டுவந்தவர் கார்த்திகேசு. முப்பது வருஷத்துக்கு முன் நில அளவைக்குப் போன காட்டில், தன் கையாலேயே மண்ணிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு பொதுக் கூட்டத்திலும் அவர் சொல்வதுண்டு. இப்போது அலமாரியைத் திறந்து அதை எடுத்து வந்திருந்தார். முதுகில் முள்வரிசை இருந்திருக்க வேண்டிய இடம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அவர் கட்டைவிரல் அதன்மேல் போய்ப் போய் வந்தது. வாயைத் திறந்தார். மூடினார்.

நாலு நாளாக அவளும், சொல்வதா வேண்டாமா என்ற அதே இடத்தில்தான் இருந்திருந்தாள். பேனாவைத் தாளிலிருந்து எடுத்து, மை சொட்டாமல் பிடித்துக்கொண்டு, அவர் எப்போது சொல்வாரோ அப்போது சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.